இளையவன் சீட்டு

இல்லீங்க, பொட்டி கனமொண்ணும் இல்லை. உள்ள வெறும் அட்டைதான். காலுக்கு இடைஞ்சலா இருந்தா சொல்லுங்க, மடிமேல வெச்சுக்கறேன். கீழ மட்டும் தள்ளிப்போடாதீங்க. ஈரோடு போய்ச் சேர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

வாத்தியாரான்னா, வாத்தியாருக்கு வாத்தியாருங்க. ஆசிரியர் பயிற்றுநர்னு பேரு. வட்டார வளமையத்துல வாத்தியாருங்களைக் கூட்டி உக்கார வெச்சு, பள்ளிக்கூடத்துல சண்டை வந்தா எப்பிடித் தீத்து வெக்கறதுன்னு சொல்லிக்குடுக்கோணும். சொன்னா எவன் கேப்பான்? ஆளாளுக்கு செல்போனைப் பாத்துட்டு உக்காந்திருப்பானுங்க. அதனால நடிக்க வெக்கறதுங்க. அஞ்சு நிமிஷம், ரெண்டு பேரு, ஒரு சண்டை. அந்தச் சண்டையை எழுதறது நானு. இந்தப் பொட்டியில பதினஞ்சு சண்டை இருக்குது.

சிரிக்காதீங்க. சண்டை எழுதறது லேசுப்பட்ட வேலை இல்லை. மொதல்ல நானும் எல்லாரு மாதிரிதான் எழுதுனேன். ஒருத்தன் அயோக்கியன், இன்னொருத்தன் பாவம். அஞ்சு நிமிஷம் எதுக்கு, அரை நிமிஷத்துல முடிஞ்சு போகும். பொறகுதான் புடிபட்டுச்சு. நல்ல சண்டைன்னா ரெண்டு பக்கமும் நாயம் இருக்கோணும். பாக்கறவன் எந்தப் பக்கம் சாயறதுன்னு தெரியாம முழிக்கோணும். ஒரே ஒரு மின்விசிறி, கீழ ஒரே ஒரு நாற்காலி, ரெண்டு டீச்சரு. ஒருத்தி மாசமா இருக்கறா, இன்னொருத்திக்கு அந்த நாற்காலியில இருந்தாத்தான் வாசல்ல நிக்கற அவங்கம்மா தெரியும், அம்மாவுக்குப் புத்தி சரியில்லை. அது மூணாம் நம்பரு. ரொம்ப நல்ல அட்டைங்க அது.

அதுல ஒரு சூட்சுமம் வெச்சிருக்கறேன். வெளி அட்டைன்னு ஒண்ணு, அது ரெண்டு பேருக்கும் தெரியும். உள்சீட்டுன்னு ஒண்ணு, ஆளுக்கொண்ணு. அதை அவங்கவங்க மட்டும் படிச்சு மடிச்சு வெச்சுக்கோணும். மனசுக்குள்ள கெடக்கற சங்கதி அதுலதான் இருக்கும். எதிராளி கேக்கற விதமாக் கேட்டாத்தான் வெளிய சொல்லோணும். அதட்டுனாச் சொல்லக்கூடாது, குத்திக் காமிச்சாச் சொல்லக்கூடாது. அப்பிடி விதி. மாநில அளவுல இதைப் பாத்துட்டு, யாருங்க குமாரசாமி, இவ்வளவு நல்லா எழுதியிருக்கறாருன்னு கேட்டாங்கன்னு சொன்னாங்க. கேட்டாங்களோ என்னமோ, எங்கிட்டச் சொன்னவங்க சொன்னாங்க.

எல்லாச் சண்டையும் நெசம்தானுங்க. இல்லாததை எழுதுனா நடிக்கறவங்களுக்கு வாயே வராது. பேரை மாத்துவேன், ஊரை மாத்துவேன். பதினாலாம் நம்பருக்கு அதுகூட மாத்தலை. பேரே போடலை. அண்ணன், இளையவன், அவ்வளவுதான்.

ஆமாங்க. என்ற சண்டைதான்.

எங்களுக்குப் பூர்வீகம் இங்க பக்கத்துலதான். ரோட்டை ஒட்டி என்ற தோட்டம், என்ற ஊடு. பின்னால என் தம்பி சென்னியப்பன் தோட்டம், அவன் குடியிருக்கற சாளை. ரெண்டுக்கும் நடுவுல தடம். அவன் ரோட்டுக்கு வரோணும்னா என்ற காட்டோரமா வர்ற அந்தத் தடத்துலதான் வரோணும். கால் மைலு இருக்கும். மாடு போகும், சைக்கிளு போகும், காலங்காலமாப் போயிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு ஆடி மாசம் வந்து நிக்கறான். "ஏனுங்ணா, தடத்தைப் பன்னெண்டு அடி பண்ணிக் குடுங்க. காரு வர்ற மாதிரி"ன்னு.

அவனுக்கு என்ன காருங்க? அவங்கிட்ட இருந்தது ஒரு மொபெட்டு. நான் எதுக்குன்னு கேட்டேன். இது முக்கியமுங்க, நல்லாக் கேட்டுக்கோங்க, நான் எதுக்குன்னு கேட்டேன். "எதுக்குடா பன்னெண்டு அடி? பிளாட்டுக்காரனுக்கு விக்கறதுக்கா?"ன்னு கேட்டேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது சும்மா இல்லீங்க. வாரத்துல ரெண்டு நாளு வெள்ளைக்காரு ஒண்ணு ரோட்டு மேல வந்து நிக்கும். இவன் வேட்டி சட்டையை மாத்திட்டு நடந்து வந்து அதுல ஏறுவான். பொழுது சாயறப்பக் கொண்டாந்து எறக்கி விட்டுட்டுப் போகும். எங்க பக்கத்துல அந்த வருசம் புரோக்கருங்க வந்து மேயாத காடில்லை. என்ன நெனைப்பீங்க? நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க?

"எதுக்குன்னு கேக்காமக் குடுக்க முடியாதுங்களாண்ணா"ன்னு கேட்டான். காரணம் இல்லாம எவன்டா தடம் குடுப்பான்னு சொல்லித் தாட்டி விட்டுட்டேன். அந்த வாரமே தடத்துல முட்டி உசரத்துக்கு மூணு இடத்துல கல்லும் நட்டுப்போட்டேன். மனுசன் போலாம், மொபெட்டு போலாம், காரு போகக்கூடாது. அது என்ற நெலமுங்க. சர்வேயர் அளந்து காட்டுன நெலம்.

அதுக்கப்பறம் அவன் பண்ணுனதைக் கேளுங்க. ரோட்டுல காரை விட்டு எறங்கி நடந்து வருவானில்லை, நேரா ஊட்டுக்குப் போறதுதானே? மாட்டான். என்ற கல்லு ஒவ்வொண்ணு மேலயும் உக்காருவான். கையை முட்டிமேல ஊனிட்டு உக்காந்து, தலையைத் தொங்கப் போட்டுட்டு, அப்பறம் நிமுந்து என்ற ஊட்டையே பாப்பான். எழுந்திரிச்சுப் போயி அடுத்த கல்லுல உக்காருவான். வேணுமுன்னேதான். என்னைச் சிறுமைப்படுத்தறதுக்கு. நான் பாத்துட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்குவேன். ஊட்டுல சொல்லிப்போட்டேன், இனி இந்த ஊட்டுல அவன் பேச்சை எவளும் எடுக்கக்கூடாதுன்னு. என்ற ஊட்டுக்காரி சொன்னாக் கேட்டுக்குவா. எடுக்கலை.

அந்த ஆத்திரத்துலதான் பதினாலாம் நம்பரு எழுதுனேன். ஆனா பாருங்க, ஆத்திரத்துலயும் நான் விதியை விடலை. ரெண்டு பக்கமும் நாயம் வெச்சு எழுதுனேன். அண்ணன் பக்கம் நாலு வரி, இளையவன் பக்கம் நாலு வரி. எண்ணிப் பாத்தேன். அண்ணனோட உள்சீட்டுல என்ன எழுதுனேன்னா, "தம்பி நிலத்தை விற்றுவிட்டுப் போய்விட்டால் இந்தக் காட்டில் தான் ஒற்றை ஆளாகிவிடுவோமோ என்று அண்ணனுக்குப் பயம். வெளியில் சொல்ல வெட்கம்." இளையவன் உள்சீட்டுல, "நிலத்தை விற்க ரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான். அண்ணனிடம் மறைக்கிறான்." அதுல தப்பென்னங்க? எனக்குத் தெரிஞ்சதைத்தானே எழுத முடியும்.

மாசி மாசம் அவன் செத்துப் போனான்.

போனேன். போகாம இருப்பேனா? தீ வெக்கற வரைக்கும் நின்னேன். கிட்னின்னு அங்கதான் சொன்னாங்க. நாப்பத்தாறு வயசுங்க. சரி, சீக்குச் செலவுக்குத்தான் விக்கப் பாத்திருக்கறான்னு நெனச்சுட்டேன். எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் பண்ண மாட்டேனா? அதனால அட்டையில ஒண்ணும் மாத்தலை. எழுதுனது எழுதுனதாவே இருந்துச்சு.

இனிச் சொல்றதை நீங்க நம்போணும்னு இல்லை. அவன் செத்து ரெண்டாம் மாசம், பவானிப் பக்கம் ஒரு பயிற்சி. பதினாலாம் நம்பரு ஒரு டீச்சருக்குப் போச்சு, இளையவன் சீட்டு. அந்தம்மாவுக்கு ராமநாதபுரத்துப் பக்கம். எங்கூருப் பேச்சு அவங்க வாயில நொழையவே நொழையாது, வந்து மூணு மாசம்தான் ஆகுது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு வெளிய பாத்துட்டு இருக்கறேன். பின்னால இருந்து, "ஏனுங்ணா"ன்னு ஒரு குரலு.

அந்த "ணா"வைச் சென்னி கொஞ்சம் இழுப்பான். சின்னதுல இருந்தே அப்பிடித்தான், என்னமோ கேட்டுக் குடுக்க மாட்டேனுட்ட மாதிரி. அதே இழுவை. திரும்பிப் பாத்தா அந்தம்மா பாட்டுக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுட்டுப் பேசிட்டிருக்குது. முடிஞ்சதும் கேட்டேன், எங்கீங்கம்மா கத்துக்கிட்டீங்க எங்க பேச்சைன்னு. "நான் எங்க சார் அப்படிப் பேசினேன், அண்ணேன்னுதானே சொன்னேன்"ங்கறாங்க. பக்கத்துல இருந்தவங்களும் அண்ணேன்னுதான் சொன்னாங்கன்னு சொல்றாங்க.

அதுக்கப்பறம் விடாம வந்தான். எல்லாத் தடவையும் இல்லை. ஒரு தடவை கணக்கு வாத்தியாரு வாயில, மீசை வெச்ச பெரிய மனுசன், "தடம் வேணுங்ணா"ன்னு. ஒரு தடவை கலியாணம் ஆகாத சின்னப் புள்ளை, பேசறதுக்கு முன்னால மூக்கை உறிஞ்சுச்சு பாருங்க, அது அவன்தான். நானா ஆளைப் பாக்கறதில்லை. ஜன்னல்கிட்டப் போயி முதுகைக் காட்டி நின்னுக்குவேன். பாத்தாக் கெட்டுப் போகும். கேட்டாத்தான் வருவான்.

பயமான்னு கேக்கறீங்க. மொதல்ல பயந்தேன். பொறகு அதுக்காவே பயிற்சி போட்டேன். மாசத்துல ரெண்டு போடற எடத்துல நாலு போட்டேன். பதினாலாம் நம்பரை எடுத்துட்டு வேற போடுங்க, இப்ப ஆருங்க தடத்துக்குச் சண்டை போடறாங்கன்னு அதிகாரி ஒருத்தரு சொன்னாரு. நான் எடுக்கலை. நூத்திப் பத்து பேரு என் தம்பியா நடிச்சிருக்கறாங்க. நூத்திப் பத்து தடவை தடம் கேட்டிருக்கறான். எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீங்க பண்ணுனது சரிதானுங்ணா"ன்னு அவன் சொல்லிப்போட்டான்னா எனக்குத் தூக்கம் வந்திரும். எவ்வளவோ பேரு எவ்வளவோ விதமா முடிச்சாங்க. பாதித் தடம் வாங்கிட்டுப் போனாங்க, அழுதுட்டுப் போனாங்க, கோர்ட்டுக்குப் போறேன்னாங்க. அதை மட்டும் ஒருத்தரும் சொல்லலை.

எங்க பக்கத்துல பாருங்க, ஆரைக் கண்டாலும் தம்பீன்னுதான் கூப்புடுவோம். உங்க வயசுக்கு நான் உங்களையும் அப்பிடித்தான் கூப்புட்டிருக்கோணும். எனக்கு அது வாயில வரதில்லீங்க. தப்பா நெனைக்காதீங்க.

போன ஐப்பசியில பெருந்துறைப் பக்கம் ஒரு பயிற்சி. வந்தவங்க பேரு எழுதுன தாளைப் பாத்துட்டே வர்றேன், பத்தொன்பதாவது பேரு மைனாவதி. தம்பி பொண்டாட்டிங்க. அவளும் டீச்சருதான். அவன் போனதுக்கப்பறம் சாளையைப் பூட்டிட்டு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டா, எந்தப் பள்ளிக்கூடம்னு நான் விசாரிக்கலை. நிமிந்து பாத்தா மூணாவது வரிசையில உக்காந்திருக்கறா.

உங்களுக்கு இது தெரியோணும். எங்க பழக்கத்துல தம்பி பொண்டாட்டி மூத்தவன் மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டாங்க. விரோதமெல்லாம் இல்லீங்க, மரியாதை. அவ கட்டி வந்து பதினேழு வருசம், எங்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுனதில்லை. நான் போனா செவுத்தைப் பாத்து, "காப்பி வெச்சிருக்குது, குடிக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லுவா. நானும் செவுத்தைப் பாத்து, "போதும்னு சொல்லு"ன்னு சொல்லுவேன். சென்னி நடுவுல நின்னு சிரிப்பான். பள்ளிக்கூடத்துல நாப்பது புள்ளைங்களை அதட்டறவதான். ஆனா எனக்கு முன்னால அப்பிடித்தான்.

பதினாலாம் நம்பரை அன்னிக்கு எடுத்து வெச்சிருக்கலாமில்லைன்னு கேப்பீங்க. எடுத்து வெச்சிருக்கலாம். கைகூடப் போச்சு. ஆனா பதினஞ்சு அட்டை, முப்பது சீட்டு, டப்பாவுல போட்டுக் குலுக்கி ஆளுக்கொண்ணு எடுக்கோணும். ஒரு ஆளுக்காக ஒண்ணை உருவறது நாயமில்லை. அதுவுமில்லாம, முப்பதுல ஒண்ணு அவளுக்கு வருமான்னு நெனச்சேன்.

வந்துச்சுங்க. இளையவன் சீட்டு.

அதோட போச்சான்னா, அன்னிக்கு வந்தவங்க இருவத்தொன்பது பேரு. ஒருத்தரு லீவு. டப்பாவுல கடைசியா ஒரு சீட்டு மிச்சம். எடுத்துப் பாக்கறேன், பதினாலு, அண்ணன். ஆளு கொறைஞ்சா பயிற்சி குடுக்கறவரே நடிக்கோணும்னு விதி. எழுதுனது நானு.

நடுவுல ரெண்டு நாற்காலி. அவ வந்து உக்காந்தா. சீட்டைப் பிரிச்சுப் படிச்சா. ஒருக்காப் படிச்சா, மறுக்காப் படிச்சா. நிலத்தை விக்க ரகசியமா ஏற்பாடுன்னு எழுதியிருக்குதில்லை, அதைத்தான். படிச்சு மடிச்சு உள்ளங்கையில வெச்சுட்டு, தலையை நிமுத்தி, என்ற கண்ணைப் பாத்தா. பதினேழு வருசத்துல மொதத் தடவை. "ஏனுங்ணா"ன்னா.

ஜன்னலுக்கு ஓட முடியாது. முதுகைக் காட்ட முடியாது. இத்தனை வருசத்துல அவ்வளவு சுத்தமா அவன் வந்ததே இல்லீங்க. பொம்பளைக் குரலுதான், ஆனா அவந்தான்.

"தடம் வேணுங்ணா. காரு வர்ற மாதிரி."

நான் என்ன பண்ணுவேன்? அண்ணன் சீட்டு கையில இருக்குது. அண்ணன் என்ன சொல்லுவானோ அதைத்தானே சொல்லோணும். "எதுக்குடா? எவனுக்கு விக்கப் போறே?"ன்னேன்.

"எனக்குத்தானுங்ணா."

"உனக்கு என்னடா காரு?"

"எதுக்குன்னு கேக்காமக் குடுக்க முடியாதுங்களாண்ணா?"

அவங்களுக்குள்ள பேசியிருப்பாங்க. புருசன் பொண்டாட்டி, அன்னிக்கு நடந்ததை வார்த்தை தவறாமச் சொல்லியிருப்பான். நான் அந்த எடத்துல வேற ஒண்ணு சொல்லியிருக்கலாமுங்க. நூத்திப் பத்து பேருக்குச் சொல்லிக்குடுத்தவன் நானு, எப்பிடிக் கேக்கோணும்னு. "என்னடா சென்னி, ஒடம்புக்கு என்ன, இப்பிடி எளைச்சுப் போயிட்டே"ன்னு கேட்டிருக்கலாம். வாயில வந்தது என்ன தெரியுங்களா? "காரணம் இல்லாம எவன்டா தடம் குடுப்பான்?" அதேதான். ஒரு எழுத்து மாறலை. மணி அடிச்சுட்டாங்க, அஞ்சு நிமிஷம் முடிஞ்சுது. செயிச்சது நானுங்க. ரெண்டாவது தடவையும் நாந்தான் செயிச்சேன்.

முடிஞ்சதும் உள்சீட்டைச் சத்தமாப் படிக்கோணும், எல்லாரும் கேக்கற மாதிரி. நான் என்ற சீட்டைப் படிச்சேன். தம்பி போயிட்டா ஒற்றை ஆளாயிடுவோமோன்னு பயம், வெளிய சொல்ல வெட்கம். அப்ப அவ மூஞ்சி கொஞ்சம் மாறுச்சு. அது அவளுக்குத் தெரியாதில்லை. சென்னிக்கும் தெரியாது.

அப்பறம் அவ எந்திரிச்சு நின்னா. சீட்டைப் பிரிச்சுக் கண்ணுக்கு நேராப் புடிச்சுட்டு, பாடம் படிக்கற மாதிரி படிச்சா. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்குதுங்க, சொல்றேன். "இளையவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாடகைக் கார் ரோட்டோடு நின்றுவிடுகிறது. வீடு வரைக்கும் அவனால் நடக்க முடியவில்லை. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து வருகிறான். அண்ணனிடம் சொன்னால் உடனே தருவார் என்று மனைவி சொல்கிறாள். அவன் சொல்ல விடவில்லை. சீக்காளின்னு குடுக்க வேண்டாம், தம்பின்னு குடுக்கட்டும் என்கிறான்."

படிச்சு மடிச்சு டப்பாவுல போட்டுட்டு உக்காந்துட்டா.

எல்லாரும் நம்பிட்டாங்க. அட்டையில அப்பிடித்தான் எழுதியிருக்குதுன்னு நெனச்சுட்டாங்க. ஒரு டீச்சரு முந்தானையில கண்ணைத் தொடைச்சுட்டு, "எப்படி சார் இப்படியெல்லாம் எழுதறீங்க"ங்கறாங்க. ஒரு வாத்தியாரு எந்திரிச்சு, "அந்த அண்ணனெல்லாம் மனுசனா சார்"ங்கறாரு. இன்னொருத்தரு, இல்லை இல்லை, அண்ணன் எதுக்குன்னு கேட்டாரில்லைங்கறாரு. மூணாவது ஆளு, "எங்க கேட்டாரு, பதிலையும் அவரே சொல்லிட்டாரே"ங்கறாரு. நாந்தான் பயிற்சி நடத்தறவன். அவங்க சொல்லச் சொல்ல கரும்பலகையில எழுதோணும். எழுதுனேன். அண்ணன் செய்த தவறுகள்னு மேல தலைப்புப் போட்டு, கோடிழுத்து, ஒண்ணொண்ணா எழுதுனேன். எழுத்து கோணலாப் போச்சு. ஒரு சின்ன டீச்சரு கை தூக்கிக் கேட்டுச்சு, "அப்புறம் அந்த இளையவன் என்ன ஆனார் சார்?" அது அட்டையில இல்லீங்கம்மான்னு சொன்னேன். மைனாவதி பாட்டுக்கு எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டிருந்தா.

பொறகு டப்பாவைத் தொறந்து அந்தச் சீட்டைப் பாத்தேன். நான் எழுதுனதுதான் இருந்துச்சு. அவ ஒரு எழுத்துக் கிறுக்கலை.

அன்னிக்கு ஊட்டுக்குப் போயி என்ற ஊட்டுக்காரிகிட்டக் கேட்டேன், அந்த வெள்ளைக்காரு ஆஸ்பத்திரிக் காருன்னு உனக்குத் தெரியுமான்னு. ஊருக்கே தெரியும்னா. எங்கிட்ட ஏன்டி சொல்லலைன்னேன். "பேச்சை எடுக்கக்கூடாதுன்னீங்களே"ன்னுட்டு அடுப்புக்குப் போயிட்டா. சொல்லியிருக்கலாமில்லீங்க? நான் ஒண்ணு சொன்னா, எல்லாத்தையும் அப்பிடியே கேட்டுக்கறதா? அடுத்த நாளே ஆளை விட்டு மூணு கல்லையும் புடுங்கி எறிஞ்சேன். பன்னெண்டு கேட்டான், பதினாறு அடி உட்டிருக்கறேன். லாரியே போகும். போறதுக்குத்தான் ஆளில்லை.

அதை உடுங்க. அன்னிக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. நடிச்சு முடிச்சவங்க வேசத்தைக் கலைச்சுட்டுத்தான் எடத்துக்குப் போகோணும். ஒரு தடவை ரெண்டு வாத்தியாருங்க மூணாம் நம்பரை நடிச்சுப்போட்டு நெசமாவே ஒருத்தருக்கொருத்தரு பேச்சை நிறுத்திட்டாங்க. அதுல இருந்து வெச்ச விதி. எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் தண்ணி உதறற மாதிரி உதறி, நான் இன்னார் இல்லை, என் பேரு இன்னதுன்னு சத்தமாச் சொல்லோணும். எல்லாரும் கை தட்டுவாங்க. அவ்வளவுதான், வெளையாட்டு மாதிரி.

அவ எந்திரிச்சா. கையை உதறுனா. வளையலு சத்தம் கேட்டுச்சு. "நான் இளையவன் இல்லை. என் பேரு மைனாவதி. நடுநிலைப்பள்ளி ஆசிரியை." கை தட்டுனாங்க. அவ உக்காரலை. அப்பிடியே நின்னுட்டு என்னைப் பாத்தா. செவுத்தை இல்லீங்க, என்னை. அவ மட்டுமில்லை, எல்லாரும் பாத்தாங்க. அடுத்தது என்ற முறையில்லை?

அந்த எடத்துல, நான் நெனச்சுப் பாக்கறனுங்க, தெனமும் நெனச்சுப் பாக்கறேன், என்ன சொல்லியிருக்கலாம்னு. நாந்தாம்மா அந்த அண்ணன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பயிற்சி நின்னு போயிருக்கும். நாலு பேரு ஒரு மாதிரிப் பாத்திருப்பாங்க. அவ்வளவுதானே. அவ அதுக்குத்தான் நின்னா. எனக்கு அப்பவே தெரியும், அதுக்குத்தான் நிக்கறான்னு.

கையை உதறுனேன். "நான் அண்ணன் இல்லை. என் பேரு குமாரசாமி. ஆசிரியர் பயிற்றுநர்"னேன்.

விதி அப்பிடீங்க. நான் வேற என்ன பண்ண முடியும்?

நல்லாக் கை தட்டுனாங்க. அவ ஒரு தலை ஆட்டு ஆட்டிட்டு, பையை எடுத்துட்டுப் போயி அவ எடத்துல உக்காந்துட்டா. சாயங்காலம் எல்லாரு மாதிரி கையெழுத்துப் போட்டுட்டு, செவுத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போனா, "போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க"ன்னு. ஆருகிட்டச் சொன்னான்னு தெரியலை. நடுவுல நிக்கறதுக்கு அவனும் இல்லை.

அதுக்கப்பறம் பதினோரு பயிற்சி நடத்திட்டேன். இன்னிக்குக் காலையில நடத்துனது பதினொண்ணாவது. உள்சீட்டை மாத்திட்டேன், அவ சொன்ன மாதிரியே எழுதி வெச்சிருக்கறேன், ஒரு வார்த்தை விடலை. நடிக்கறவங்க அழுவறாங்க. நான் ஜன்னல்கிட்டப் போயி முதுகைக் காட்டி நிக்கறேன். காதைக் குடுத்துட்டு நிக்கறேன். ஆரோ ரெண்டு வாத்தியாருங்க தடத்தைப் பத்திப் பேசறாங்க, அது மட்டும்தான் கேக்குது. சார்னு கூப்புடறாங்க, டீ வந்திருச்சுங்கறாங்க. "ஏனுங்ணா"ன்னு ஒருத்தரும் கூப்புடலை.

இனி அவன் என்னை என்னன்னு கூப்புடுவானுங்க? நாந்தான் இருவத்தொன்பது பேர்த்துக்கு முன்னால அண்ணன் இல்லைன்னு சொல்லிப்போட்டனே.